பெரிய பட்டை

முதலில் கடைப் பேரைப் பெரிய எழுத்தில் அடியுங்கள் அம்மிணி. தேவராஜ் சர்ஜிகல்ஸ், சேலம். தெருப் பேர் அப்புறம் சொல்கிறேன். அதற்குக் கீழே, 'மேற்படி கடைக்காரன் என் மகளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான்' என்று அடியுங்கள். கடைக்காரர், கெடுத்துவிட்டார் என்றுதான் போட வேண்டுமா? கோர்ட்டு வழக்கமா? சரி, போடுங்கள். மனசுக்குள் நான் 'டா' போட்டுக்கொள்கிறேன்.

நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு என்றால் உங்களிடம்தான் வர வேண்டும் என்று டீக்கடையில் சொன்னார்கள். பக்கத்துக்கு என்ன கூலி என்று கேட்டேன், சொன்னீர்கள், மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன், கவனித்தீர்களா? சொன்ன விலையை அப்படியே நான் ஒத்துக்கொண்டேன் என்று எங்கள் ஆட்கள் கேட்டால் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள்.

போனை மேஜை மேலேயே வைத்துக்கொள்கிறேன். மகள் கூப்பிடுவாள். இன்றைக்குப் பதினொரு மணிக்கு அவளுக்குச் சேலத்தில் டாக்டரிடம் நேரம். ரத்தம் கொடுத்து மூன்று நாள் ஆகிறது, இன்றைக்கு ரிசல்ட். மூன்று மாதத்துக்கு முன்னால் பார்த்தபோது அவள் கிட்னி நூற்றுக்கு முப்பத்தெட்டுதான் வேலை செய்கிறது என்றார்கள். அந்த முப்பத்தெட்டு அப்படியே நின்றிருக்கிறதா, இறங்கிவிட்டதா என்று இன்றைக்குத் தெரியும். நான் கூடப் போகவில்லை. வர வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. ஆகட்டும், இந்தக் கேஸையாவது போடுவோம் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

என் பேர் அர்த்தநாரி. அப்பா பேர் பழனிமுத்து. வயது ஐம்பத்து நான்கு. ஊர் நாமக்கல். தொழில், லாரி புரோக்கர். இல்லை, அப்படி அடிக்காதீர்கள், மட்டமாக நினைப்பார்கள். 'பழைய கனரக வாகனங்கள் வாங்கி விற்பவர்' என்று அடியுங்கள். பன்னிரண்டு வயதில் கிளீனராக வண்டி ஏறியவன் நான். டிரைவர் ஸ்பேனரால் அடித்த அடிதான் என் படிப்பு. இன்றைக்கு ஒரு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன் என்றால் எந்த மலையில் இது பிரேக் பிடிக்காமல் போனது, எத்தனை தடவை பெயிண்டு மாறியது, எல்லாம் சொல்லிவிடுவேன். மீட்டரை மட்டும் பார்க்க மாட்டேன். பழைய வண்டியில் மீட்டரை நம்புகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை ஒன்றரை லட்சமாகத் திருப்பி வைக்க அரைமணி நேரம் போதும். நீங்கள் செய்திருக்கிறீர்களா என்று கேட்காதீர்கள். இதெல்லாம் மனுவில் வராது அல்லவா?

மகள் பேர் தாரணி. இருபத்து மூன்று வயது. ஒரே பிள்ளை.

எட்டு வயதில் வந்தது அம்மிணி சர்க்கரை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், மெலிந்து குச்சியாகிவிட்டாள், ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். சேலத்தில் டாக்டர் ரமாமணி பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை உடம்பில் இன்சுலின் என்பது ஒரு சொட்டுக்கூடச் சுரக்கவில்லை, உயிரோடு இருக்கிறவரைக்கும் ஊசிதான் என்றார். உயிரோடு இருக்கிறவரைக்கும் என்றால் எவ்வளவு நாள், பதினெட்டு வயதில் நிறுத்திவிடலாமா, கல்யாணத்துக்கு முன்னால் நிறுத்திவிடலாமா, ஒரு நாளைக்கு நாலு என்பதை இரண்டாக்க முடியுமா என்று வரிசையாகக் கேட்டேன். அந்தம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், இல்லை, இல்லை என்று. நான் விடுவேனா? ஒரு நாட்டு மருந்துக்காரர் ஊசியே வேண்டாம் என்றார். நிறுத்தினேன். மூன்றாம் நாள் பிள்ளைக்கு மூச்சு இரைத்தது. வாயில் அழுகிய பழ வாசம். நாலு நாள் ஐ.சி.யு.வில் வைத்து மீட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், ஊசியில் மட்டும் பேரம் கிடையாது. இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு வேளை ஊசி தப்பியதில்லை. காசிக்குப் போனபோதும் ஐஸ் டப்பாவில் மருந்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். இதை அடியுங்கள். நான் பிள்ளையைக் கவனிக்காதவன் இல்லை என்பது கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும்.

பிரஷர் கதை வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

வழக்கம்போலப் பார்க்கப் போனோம். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினாள். நூற்று நாற்பத்திரண்டு. யூரினில் புரோட்டீன் வேறு கொஞ்சம் கசிகிறதாம். டாக்டரம்மா மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார்.

"ஏனுங்க, இருபத்தோரு வயசுப் புள்ளைக்குப் பிரஷரா? எங்க லாரி ஓனருங்களுக்கே அம்பதுக்கு மேலதான் வருது. மாடிப்படி ஏறி வந்திருக்குது, அதான். மறுக்கா எடுங்க" என்றேன்.

எடுத்தார்கள். நூற்று முப்பத்தெட்டு.

"பாருங்க, நாலு எறங்கிருச்சு. இன்னொருக்கா எடுங்க."

நூற்று முப்பத்து நான்கு.

"அவ்வளவுதான். இன்னும் பத்து நிமிசம் உக்காந்தா நூத்தி இருவதுக்கு வந்துரும். மாத்திரையெல்லாம் வேண்டாமுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். அவருக்கு என்னைத் தெரியும், பதின்மூன்று வருஷப் பழக்கம். "அர்த்தநாரி, டயருல நூலு தெரியுதுன்னு வெச்சுக்கங்க. அதுல காத்து நெறைய அடிப்பீங்களா?"

"அடிக்க மாட்டனுங்க. டயர மாத்துவேன்."

"இவளோட கிட்னி அந்த மாதிரி டயருங்க. இத்தன வருசச் சர்க்கரையில உள்ள இருக்கிற வடிகட்டி தேஞ்சு கிடக்குது. அதுல பிரஷரும் சேர்ந்து தள்ளுச்சுன்னா கிழிஞ்சிரும். மத்தவங்களுக்கு நூத்தி நாப்பது பெரிய விசயமில்ல, இன்சுலின்ல இருக்கிறவங்களுக்குப் பெருசு. மாத்து டயரும் கிடையாது." அப்புறம் தாரணியைப் பார்த்து, "வீட்டுல ஒரு மெஷின் வாங்கி வெச்சு எழுதிட்டு வாம்மா. வாங்கினதும் ஒருக்கா இங்க கொண்டாந்து காட்டு, எங்களுதோட ஒத்துப் பாத்துக்கலாம்" என்று சொல்லி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

நியாயமான பேச்சுத்தான். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்றால், நான் கேட்டதும் எட்டு இறங்கியதே, அப்போது முதலில் சொன்னது பொய்தானே? முதல் விலை எப்போதும் பொய். இந்தத் தொழிலில் நான் படித்த முதல் பாடம் அது.

அன்றைக்கே போய் வாங்கியதுதான் அந்த மெஷின். அவளை ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் கடைக்குப் போனேன். தேவராஜ் விலையில் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை. கம்பெனி விலை என்றான். சரி, விலையில் இறங்காவிட்டால் பொருளில் ஏறு, எனக்கு ஏதாவது சேர்த்துக் கொடு என்றேன். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு பட்டை இருந்தது, ஒன்று சின்னது, ஒன்று பெரியது. மெஷினோடு வருவது சின்னது, பெரிய பட்டை தனி விலை. அந்தப் பெரிய பட்டையைப் போடு, அதே விலைக்கு, இல்லாவிட்டால் நடையைக் கட்டுகிறேன் என்று எழுந்துவிட்டேன். கூப்பிட்டுக் கொடுத்தான். சின்னதை எடுத்துக்கொண்டு பெரியதை வைத்தான். அம்மிணி, கடையை விட்டு வரும்போது நெஞ்சு நிமிர்ந்து வந்தேன். சின்னதின் விலைக்குப் பெரியது!

பில்லா? பில் வாங்கவில்லை. பில் போட்டால் வரி சேரும் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். அதை எப்படியாவது சமாளித்து அடியுங்கள். 'பில் தர மறுத்தார்' என்று அடிக்கலாமா? கூடாதா? சரி.

தினம் காலையில் ஆறரைக்கு ஒருதடவை, சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்ததும் ஒருதடவை. முட்டைக் கம்பெனி ஆபீசில் அவளுக்குக் கணக்கு வேலை. வந்து முகம் கழுவி உட்காருவாள். நானே பட்டையைச் சுற்றிவிடுவேன். குச்சிக் கை அவளுக்கு. பட்டை ஒன்றரைச் சுற்று சுற்றும், மேலே அக்குள் வரை முட்டும், கீழே முழங்கை மடிப்பை மூடிவிடும். நல்லா அணைப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எடுக்கும்போது பேசக்கூடாது என்று அட்டையில் படம் போட்டிருந்தான். பேச மாட்டேன். என்னோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்துகிற ஈஸ்வரி வாசலில் நின்று அதிசயமாகப் பார்ப்பாள், இந்த மனுசன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறானே என்று. மெஷின் உர்ரென்று ஏறும், இறங்கும். தாரணி கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு பத்து நிமிஷம்... சரி, அது மனுவுக்கு வேண்டாம்.

மூன்று தடவை எடுப்பேன். அதில் குறைந்ததை நோட்டில் எழுதுவேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மூன்று பேர் விலை சொன்னால் குறைந்ததுக்குத்தானே வாங்குவோம்? நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினான்கு, நூற்று இருபது. ஒரு நாள் நூற்று முப்பது காட்டினால் ஊறுகாய் தின்றிருப்பாய் என்று அவளைத் திட்டிவிட்டு, அரை மணி கழித்து மறுபடி எடுப்பேன். இருபத்து நாலுக்கு வரும். அதை எழுதுவேன். இரண்டு நோட்டு நிரம்பியது.

ஆறு மாதம் கழித்து நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அவருடைய மெஷினில் அன்றைக்கு நூற்று நாற்பத்தாறு.

"வீட்டுல இவ்வளவு நல்லா இருக்குது, இங்க மட்டும் ஏறுது. மெஷினக் கொண்டு வந்தீங்களா?"

"எதுக்குங்க கொண்டு வாறது? உங்க மெஷின் சரின்னு நீங்க சொல்லுவீங்க, எங்க மெஷின் சரின்னு நான் சொல்லுவேன். புள்ள உங்களப் பாத்துப் பயப்படுது, அதுதான் ஏறுது. மாத்திரைய நிறுத்துங்க."

"அந்த மாத்திரை நம்பருக்கு மட்டும் இல்ல அர்த்தநாரி. கிட்னிக்குக் காவலாவும் சேத்துத்தான் குடுத்திருக்கேன். பிரஷர் சரியா இருந்தாலுமே வேணும்."

சரியாக இருந்தாலும் வேணும்! கேட்டதும் எனக்கு ஏறிவிட்டது அம்மிணி. பிரேக் நன்றாக இருக்கும்போது பிரேக் மாற்று என்கிறவன் யார்? கமிஷன் வாங்குகிற மெக்கானிக்தானே? அதைச் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லியே விட்டேன், கமிஷன் என்று. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் எழுந்து எட்டிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன். டாக்டரம்மா முகம் சுண்டிப்போய்விட்டது. தாரணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வாங்கப்பா. போலாம்பா." அவள் கை நடுங்கியது. பயம் என்றுதானே நான் சொன்னேன், பாருங்கள் நடுங்குகிறாள் என்று அதையும் டாக்டரிடம் காட்டினேன்.

அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே போகவில்லை. இன்சுலின் மருந்துக் கடையிலேயே கிடைத்தது. பிரஷர் மாத்திரையை நான் நிறுத்திவிட்டேன்.

நீங்கள் நிறுத்தினீர்களா, அவள் நிறுத்தினாளா என்றா கேட்கிறீர்கள்? அவள் மேஜர்தான். 'குடும்பத்தார் நிறுத்தினர்' என்று அடியுங்கள்.

மழைக்காலத்தில் தலைவலி என்றாள். பட்டையைச் சுற்றினேன், நூற்று இருபத்திரண்டு. "பாரு, ஒண்ணுமில்ல. போன நோண்டாத" என்றேன். ஈஸ்வரி ஒரு நாள், "புள்ள மூஞ்சி வீங்கினாப்ல இருக்குதுங்க" என்றாள். சதை போடுகிறது, கண் வைக்காதே என்றேன். தையில் தாரணி, "அப்பா, கண்ணுக்குள்ள சிலந்தி ஓடற மாதிரி இருக்குது" என்றாள். நான் மறுபடி மெஷினை எடுத்தேன். அன்றைக்குத்தான் அவள் கையை நீட்டாமல், "மெஷின் பொய் சொல்லுதுப்பா" என்றாள்.

"ஆறாயிரம் வண்டி பாத்தவன்டீ நான். எது பொய் சொல்லும், எது நெசம் சொல்லும்னு எனக்குச் சொல்லித் தாறயா?"

அவள் கையை நீட்டினாள். மூன்று தடவை எடுத்தேன். நூற்று நாற்பத்து நாலு, நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தாறு. முப்பத்தாறை எழுதினேன். அது கொஞ்சம் அதிகம்தான், உப்பைக் குறை என்று ஈஸ்வரியைச் சத்தம் போட்டேன்.

ஒன்பது நாள் கழித்து ஆபீசில் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வலது கண்ணில் சிவப்புத் திரை இறங்கிவிட்டது. கண்ணுக்குள் ரத்தம் உடைந்துவிட்டதாம். கூட வேலை செய்கிற பெண்கள் ஆட்டோவில் போட்டு அவர்களே இந்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். போனபோது அவள் கையில் அவர்களுடைய பட்டை. நூற்று அறுபத்தெட்டு.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஓடி மெஷினையும் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்து அந்த நர்ஸ் முன்னால் போட்டேன். இதில் எடு, இதில் எத்தனை காட்டுகிறது என்று பார், உன் மெஷினைத் தூக்கிக் குப்பையில் போடு என்று கத்தினேன். சின்னப் பெண். என் மெஷினை எடுத்துத் தாரணி கையில் பட்டையைச் சுற்றினாள். சுற்றும்போதே நின்றுவிட்டாள்.

"இது யாரோட பட்டைங்க?"

"யாரோடதுன்னா? எங்களுது. இவளுக்கு வாங்கினது."

"இது பெரிய கைக்குப் போடறதுங்க. ஒல்லிக் கைக்கு இதச் சுத்தினா கம்மியாத்தான் காட்டும்."

என் மெஷின் நூற்று நாற்பத்தைந்து காட்டியது. அந்தப் பெண் அலமாரியிலிருந்து சின்னப் பட்டை ஒன்றை எடுத்து அதே மெஷினில் சொருகி, அதே கையில் சுற்றினாள். நூற்று அறுபத்தெட்டு. மெஷின் பொய் சொல்லவில்லை அம்மிணி. பட்டை பெரியது, அவ்வளவுதான். இருபத்து மூன்று வித்தியாசம். அதற்கு மேல் நான் வேறு மூன்றில் குறைந்ததை... சரி விடுங்கள்.

மறுநாள்தான் கிட்னியின் அந்த முப்பத்தெட்டைச் சொன்னார்கள். ரமாமணி டாக்டரம்மாவே சேலத்திலிருந்து வந்து பார்த்தார். அவர் வராமல் இருந்திருக்கலாம். நான் பேசின பேச்சுக்கு வர வேண்டிய அவசியமில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். நான் உடனே கேட்டேன், வாய் முந்திவிடுகிறது எனக்கு: "அம்பதுக்குக் கொண்டுவர முடியுங்களா? நாப்பத்தஞ்சு? என்ன செலவானாலும் பண்றனுங்க. என் வண்டி மூணையும் வித்துர்றேன்."

"ஏறாதுங்க. போனது போனதுதான். மாத்திரை, உப்பு, சர்க்கரை, சரியான பிரஷர் கணக்கு, இதையெல்லாம் வெச்சு எறங்காம இழுத்துப் பிடிக்கலாம். அவ்வளவுதான் நம்ம கையில இருக்குது. பதினஞ்சுக்குக் கீழ போனா டயாலிசிஸ்."

"ஒரு ரெண்டு, மூணு கூடவா ஏறாது?"

"அர்த்தநாரி" என்றார். அவ்வளவுதான், பேரை மட்டும் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிரே இருப்பவர் இறங்கமாட்டார் என்று எனக்குப் புரிந்தது.

இதோ, 'மனுதாரர் மகளின் தற்போதைய நிலை' என்று ஒரு வரி விடுங்கள். நம்பரைக் காலியாக விட்டுவிடுங்கள். அவள் கூப்பிட்டதும் சொல்கிறேன்.

கடைக்காரன் என்ன சொன்னானா? போனேன். சும்மா விடுவேனா? பட்டையை அவன் மேஜையில் வீசினேன். கண்ணாடியில் விரிசல் விட்டது, விடட்டும். நீ நாசமாய்ப் போக, ஒல்லிப் பிள்ளைக்கு இந்தப் பட்டையைக் கொடுத்தாயே என்றேன். அவன் ஏதோ உளறினான்.

என்ன உளறினான் என்பது மனுவுக்கு எதற்கு?

அவன் பதில் மனுவில் போடுவான் என்கிறீர்களா. போடுவான்தான்.

அவன் சொன்னான், "நான் கேட்டனுங்களே, யாருக்குன்னு." ஆமாம், கேட்டான். பெரிய பட்டையைக் கேட்டதும் முதலில் கொடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னான். "யாருக்குங்க இது? ஆளைப் பொறுத்துத்தான் பட்டை" என்றான். கடையில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், தூரத்துச் சொந்தம். அவன் முன்னால் எப்படிச் சொல்வது? ஏற்கெனவே ஊசிப் பிள்ளை என்று ஊரெல்லாம் பேச்சு. இதில் பிரஷர் வேறு என்றால்? நான் என் கையை நீட்டி, "எனக்குத்தான், வேற யாருக்கு?" என்றேன். தேவராஜ் என் கையைப் பார்த்தான். என் கையைப் பார்த்தீர்கள் அல்லவா, தூண் மாதிரி. "அப்ப உங்களுக்குப் பெருசுதான் சரிங்க" என்று எடுத்துக் கொடுத்தான்.

அதை அடிக்க வேண்டாம்.

அவன் தெரிந்துகொள்ள வேண்டாமா அம்மிணி? முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறவனுக்கு, வருகிறவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறானா என்று தெரிய வேண்டாமா? எனக்குத் தெரியும். ஒருவன் வண்டியின் சாவியை என்னிடம் நீட்டுகிற விதத்திலேயே சொல்லிவிடுவேன். அவனுக்கு ஏன் தெரியவில்லை? இதைக் கோர்ட்டில் கேட்க வேண்டும். இதற்கு அவன் பதில் சொல்ல வேண்டும்.

தாரணி கையெழுத்து வேண்டுமா? அவள்தான் பாதிக்கப்பட்டவளா? எனக்குத் தெரியும், கேட்டுப் பார்த்துவிட்டேன். போன வாரம் சோறு தின்றுகொண்டிருந்தபோது சொன்னேன், கேஸ் போடப் போகிறேன், ஒரு கையெழுத்துப் போடு என்று. சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாரு மேலப்பா?" என்றாள்.

"கடைக்காரன் மேல."

"அவரு மேலயா?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். எங்கள் வீட்டில் கோபம் எல்லாம் நானே எடுத்துக்கொண்டேன், அவளுக்கு மிச்சம் வைக்கவில்லை. "அப்பா, எனக்கு அன்னைக்கே தெரியும். ஆபீசுல எங்க அக்கா ஒருத்தங்க அவங்க அப்பா மெஷினக் கொண்டு வந்திருந்தாங்க. அதுல எனக்கு நூத்தி அம்பது காட்டுச்சு. ரெண்டு நாளா உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே சாமி?"

"சொன்னனே. மெஷின் பொய் சொல்லுதுன்னு."

அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள். கழுவிக்கொண்டே, "உங்ககிட்டப் பேசி ஜெயிக்க எனக்கு மூச்சு பத்தலப்பா" என்றாள்.

இப்போது அவளே சின்னப் பட்டை வாங்கி வைத்திருக்கிறாள். அவளே சுற்றிக்கொள்கிறாள், இடது கையால் சுற்றிப் பல்லால் இழுத்துப் பிடித்து ஒட்டுகிறாள். நான் பிடிக்கிறேன் என்று பக்கத்தில் போனால், "பரவால்லப்பா" என்கிறாள். ஒரு தடவைதான் எடுக்கிறாள். வந்ததை எழுதுகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கிறாள். ஏன் கதவு என்று ஈஸ்வரி கேட்டதற்கு, அப்பா இருந்தால் பத்து கூடுதலாகக் காட்டுகிறது என்றாளாம். வேடிக்கைக்குச் சொல்லியிருப்பாள்.

இருங்கள். அவள்தான்.

"சொல்லு சாமி... ம்... பாத்துட்டயா?... டாக்டரம்மா இருந்தாங்களா?... சரி... எத்தன?... சத்தமாச் சொல்லு, இங்க பஸ்ஸு போகுது... முப்பத்தொண்ணா?... முப்பத்தொண்ணு... நல்லாப் பாத்துத்தான் சொன்னாங்களா? இன்னொருக்கா ரத்தம் எடுத்து... இல்ல, கத்தல சாமி. நான் எங்க கத்துனேன்... சரி, கேக்கல... அழுவறயா?... சரி. சரி, இல்ல... ஊசி போட்டயா? சாப்புட்டயா?... தயிர்சோறு வாங்கு, ஊறுகாய் வேண்டாம்னு சொல்லிரு... நானா? டவுன்லதான், ஒரு வண்டி பாக்க வந்தேன்... நான் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கட்டுமா?... சரி. வரல. நீ ஆட்டோ புடிச்சு வந்துரு. பேரம் பேசாத, கேட்டதக் குடுத்துட்டு வா."

வைத்துவிட்டாள்.

தண்ணீர் இருக்கிறதா அம்மிணி? நன்றி.

எங்கே விட்டோம்? அந்தக் காலி வரி. அதை நிரப்பிவிடலாம். முப்பத்தைந்து என்று அடியுங்கள்.

காதில் விழுந்திருக்கும் உங்களுக்கு. தெரியும். நீங்கள் சொல்ல வருவதும் தெரியும், எத்தனை குறைவாக இருக்கிறதோ அத்தனைக்குக் கேஸுக்குப் பலம், எதற்காக நாமே கூட்டிப் போட வேண்டும் என்பீர்கள். ரிப்போர்ட் நகலை இணைக்கும்போது மாட்டிக்கொள்வேன் என்பீர்கள். எல்லாம் சரி. கேஸ் நிற்காவிட்டால் போகிறது. பில் இல்லை, கையெழுத்தும் இல்லை, இது நிற்கிற கேஸ் இல்லை என்று நீங்கள் ஆரம்பத்திலிருந்தே முகத்தில் காட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் அந்த நம்பரை நீங்கள் அடித்து, அது காகிதத்தில் வெளியே வந்து, அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், அது என்னால் ஆகாது.

முப்பத்தைந்து. அடியுங்கள் அம்மிணி. அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.